சிறு கணினியும் யு.எஸ்.பி. இணைப்பும்: தொடர்பு கிட்டாதபோது பழுதறியும் முறை

உள்ளங்கையில் அடங்கும் ஒரே பலகையின்மீது செயலி, நினைவகம், இணைப்பு வாய்கள் ஆகிய யாவும் அமைந்த சிறு கணினிகள் இன்று பள்ளி ஆய்வுக்கூடங்களிலும் களநிலையங்களிலும் உபயோகத்தில் உள்ளன. மழையளவு, மண்ணின் ஈரம், காற்றின் வெப்பநிலை முதலியவற்றை இரவு பகலாகப் பதிவு செய்வதற்கு இவை ஏற்றவை. 2016-ல் மத்திய அரசினரால் தொடங்கப்பெற்ற அடல் டிங்கரிங் ஆய்வுக்கூடங்களின் வாயிலாக, 6 முதல் 12 வரையுள்ள வகுப்புகளின் மாணவர்களுக்கும் மின்னணுக் கருவிகளைத் தம் கையாலேயே இயக்கிப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியுள்ளது. இச்சிறு கணினிகளுக்குத் திரையும் விசைப்பலகையும் பெரும்பாலும் இணைக்கப்படுவதில்லை. ஆதலால் இவற்றுக்குக் கட்டளையிடவும், இவை சேர்த்து வைத்த பதிவுகளைப் பெறவும் ஒரு மடிக்கணினியின் துணை வேண்டியுள்ளது. கம்பியில்லா வலையமைப்பு இல்லாத ஊர்களில் இதற்கு மிக எளிய வழி ஒரு யு.எஸ்.பி. கேபிளே. அந்த ஒரே கேபிள் பலகைக்கு மின்சாரத்தையும் அளிக்கிறது. இரு கணினிகளுக்கிடையே வலையமைப்பாகவும் பணிபுரிகிறது.

இம்முறையில் நேரும் சங்கடமும் யாவரும் அறிந்ததே. கேபிள் செருகப்படுகிறது, பலகையில் பச்சை விளக்கு எரிகிறது, ஆயினும் மடிக்கணினியில் எவ்விதத் தொடர்பும் கிட்டுவதில்லை. இந்நிலையில் பலர் முதற்கண் செய்வது, பலகையிலுள்ள நினைவக அட்டையை அழித்து அதன்மீது இயங்குதளத்தைப் புதிதாக எழுதுவதாகும். இது பொருத்தமற்ற செயல். பழுது கேபிளில் இருக்குமாயின் அட்டையை எத்தனை முறை எழுதினும் பயனில்லை. மேலும், களநிலையத்துப் பலகையின் அட்டை இயங்குதளத்தை மட்டும் தாங்கியிருப்பதன்று. பல மாதங்களின் அளவீடுகளும் அதிலேயே உள்ளன. சென்ற பருவத்தின் மழையை எவரும் மீண்டும் அளக்க இயலாது. எனவே பழுது எவ்விடத்தில் உள்ளது என்பது உறுதிப்படும்வரை அட்டையின்மீது கைவைக்காதிருத்தல் இவ்வேலையில் முதல் விதியாகும்.

இங்கு உதாரணமாக ‘ராஸ்பெரி பை ஜீரோ’ எனும் பலகை எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிரிட்டனில் உருவாக்கப்பட்ட இப்பலகை 2015 நவம்பரில் 5 டாலர் விலையில் வெளிவந்தது. நீளம் 65 மில்லிமீட்டர், அகலம் 30 மில்லிமீட்டர். முதலில் வந்த வகையில் கம்பியில்லாத் தொடர்பு இல்லை; 2017-ல் வந்த ‘ஜீரோ டபிள்யூ’ வகையிலும் 2021-ல் வந்த ‘ஜீரோ 2 டபிள்யூ’ வகையிலும் அவ்வசதி உண்டு. எவ்வகையிலும் ஈதர்நெட் வாய் கிடையாது. ஆகவே யு.எஸ்.பி. வழியே வலையமைப்பு ஏற்படுத்தும் முறை இப்பலகைக்கு மிகுதியும் பயன்படுகிறது.

பலகை வலையமைப்புக் கருவியாகும் விதம்

யு.எஸ்.பி. முறை 1996-ல் வெளியிடப்பட்டபோதே, இணைக்கப்படும் இரு கருவிகளும் சமமானவை அல்ல என்ற அடிப்படையில் அமைந்தது. ஒன்று தலைமைக் கருவி. மற்றது சார்புக் கருவி. கேள்வி கேட்பது எப்பொழுதும் தலைமைக் கருவியே. சார்புக் கருவி தானாகப் பேசுவதில்லை, கேட்டபோது விடை கூறும். மடிக்கணினி தலைமைக் கருவி. அச்சுப்பொறி, சுட்டெலி முதலியன சார்புக் கருவிகள். இரு தலைமைக் கருவிகளைக் கேபிளால் இணைத்தால், இரண்டும் மற்றதன் விடையை எதிர்பார்த்து மௌனமாக இருக்கும். சிறு கணினியும் ஒரு கணினியே ஆதலின், அது இயல்பாகத் தலைமைக் கருவியாகவே நடக்க முற்படும்.

சூழ்நிலைக்கேற்ப ஒரே கருவி இரு நிலைகளையும் ஏற்பதற்கான விதிகள் 2001-ல் சேர்க்கப்பட்டன. ஜீரோவின் செயலியிலுள்ள யு.எஸ்.பி. கட்டுப்பாட்டகம் அவ்விதம் மாறவல்லது. ராஸ்பெரி பை 3-ன் ‘மாடல் பி’ போன்ற பெரிய பலகைகளில் அக்கட்டுப்பாட்டகத்துக்கும் வெளி வாய்களுக்கும் நடுவே ஒரு பகிர்வுச் சில்லு குறுக்கிடுவதால் இம்முறை அவற்றில் இயலாது. இதை அறியாமல் அப்பலகைகளில் நாட்கணக்காக முயன்றவர்களும் உண்டு.

ஜீரோவில் ‘ஜி ஈதர்’ எனப்படும் நிரல்பகுதி ஏற்றப்படும்போது, பலகை மடிக்கணினியிடம் தன்னை ஒரு வலையமைப்பு அட்டை என்று அறிவித்துக்கொள்கிறது. மடிக்கணினி அதற்குரிய இயக்கி நிரலை, அதாவது டிரைவரை, ஏற்றுகிறது. பின்னர் இரு முனைகளும் முகவரி பெறுகின்றன, முகவரி வழியே பெயர் அறியப்படுகிறது, இறுதியில் எஸ்.எஸ்.எச். எனும் சேவையின் மூலம் பலகைக்குள் நுழைய முடிகிறது. இவை சங்கிலியின் கண்ணிகள் போன்றவை. கீழ்க்கண்ணி அறுந்திருக்கும்போது மேற்கண்ணியைப் பழுதுபார்ப்பது வீண். அன்றியும், ஒரே சமயத்தில் இரண்டினை மாற்றினால், தொடர்பு கிட்டிய பின்னரும் எது பழுதாயிருந்தது என்பது தெரியாமற் போய்விடும்.

கேபிளும் வாயும்

சாதாரண யு.எஸ்.பி. கேபிளினுள் நான்கு கம்பிகள் உள்ளன. சிவப்பும் கறுப்பும் மின்சாரத்திற்குரியவை. பச்சையும் வெள்ளையும் செய்திக்குரியவை. கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்வதற்கென்று விற்கப்படும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் பச்சையும் வெள்ளையும் இருப்பதேயில்லை. இத்தகைய கேபிளைச் செருகினால் பலகை இயங்கும், விளக்கு மினுக்கும், இயங்குதளம் முழுமையாகத் தொடங்கும். மடிக்கணினி மட்டும் எதையும் அறியாது. விளக்கு எரிவதைத் தொடர்பின் அடையாளமாகக் கொள்ளுதல் இதனாலேயே பிழையாகிறது. அவ்விளக்கு அட்டை படிக்கப்படுவதைக் காட்டுகிறதேயன்றி, கேபிளின் நலத்தைக் காட்டுவதன்று. சந்தேகமுள்ள கேபிளால் ஒரு கைப்பேசியை மடிக்கணினியுடன் இணைத்து, ஒரு படத்தை நகலெடுக்க முடிகிறதா எனப் பார்த்தால் ஐயம் தீரும்.

ஜீரோ பலகையில் பார்வைக்கு ஒரே மாதிரியான இரு சிறு வாய்கள் அருகருகே உள்ளன. பலகையின் ஓரத்தை ஒட்டியது மின்சாரத்திற்கு மட்டும் உரியது. ஹெச்.டி.எம்.ஐ. வாய்க்கு அருகில், நடுவே இருப்பதே செய்திக்கும் உரிய வாய், அதனருகில் யு.எஸ்.பி. என்று அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து மிகச் சிறியதாதலின் வகுப்பறைகளில் இவ்விரண்டும் மாறிச் செருகப்படுவது வழக்கம். இரு வாய்களின் 5 வோல்ட் கம்பிகளும் பலகைக்குள் ஒன்றாகவே இணைந்திருப்பதால், இரண்டிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் செலுத்துவதைத் தவிர்ப்பது நலம். நடுவாய் ஒன்றே போதுமானது.

இன்னொரு கேபிளும் குழப்பம் விளைவிக்கும். விசைப்பலகையைப் பலகையுடன் இணைப்பதற்கென்று ஓ.டி.ஜி. எனும் மாற்றி ஒன்று பலகையோடு சேர்த்து விற்கப்படுகிறது. அதனுள் ஐந்தாவது முள் தரையுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கண்ட பலகை, தானே தலைமைக் கருவி என்று முடிவு செய்துவிடும். மடிக்கணினியுடன் இணைப்பதற்கு இம்மாற்றியை உபயோகிக்கக் கூடாது.

அட்டையின்றிச் செய்யும் சோதனை

ஜீரோ பலகையில் அதிகம் அறியப்படாத, ஆனால் மிகுந்த பயனுள்ள சோதனை ஒன்று உண்டு. நினைவக அட்டையைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, வேறு எதுவும் செருகப்படாத பலகையை அதன் நடுவாய் வழியே மடிக்கணினியுடன் இணைக்க வேண்டும். பலகையில் விளக்கு எரியாது. அது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அட்டை காணாத செயலி, தனக்குள் நிரந்தரமாகப் பொறிக்கப்பட்ட சிறு நிரலின்படி, யு.எஸ்.பி. வழியாகத் தொடக்க நிரலைக் கேட்டு நிற்கும். அப்போது விண்டோஸ் கணினி புதிய கருவி வந்ததற்கான ஒலியை எழுப்பும். ‘டிவைஸ் மேனேஜர்’ பட்டியலில் ‘பி.சி.எம்.2708 பூட்’ என்ற பெயர் தோன்றும். ஜீரோ 2 வகையாயின் அவ்வெண் 2710 ஆக இருக்கும். லினக்ஸ் கணினியில் யு.எஸ்.பி. கருவிகளின் பட்டியலைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தால், பிராட்காம் நிறுவனத்தின் பெயரோடு அது காணப்படும்.

இப்பெயர் தோன்றிவிட்டால் ஒரே வீச்சில் நான்கு உண்மைகள் நிலைபெறுகின்றன. மின்சாரம் சரி, கேபிளின் நான்கு கம்பிகளும் சரி, செருகிய வாய் சரி, செயலியும் உயிருடன் இருக்கிறது. இனிப் பழுதை அட்டையிலோ, அதற்கு மேலுள்ள கண்ணிகளிலோதான் தேட வேண்டும். பெயர் தோன்றாவிட்டால் அட்டையைக் குறை கூற இடமேயில்லை, ஏனெனில் அட்டை அங்கு இல்லை. வேறு கேபிள், மடிக்கணினியின் வேறு வாய் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். இடையில் பகிர்வுப் பெட்டி இருப்பின் அதை நீக்கிவிட்டு நேரே செருக வேண்டும். பலகை கெட்டுவிட்டது என்று ஒதுக்கிவைக்கும் முன் இச்சோதனையைச் செய்யாதிருப்பது முறையன்று; இதற்குச் செலவு ஏதுமில்லை, இரண்டு நிமிட நேரமே ஆகும்.

இடைப்பட்ட நிலை ஒன்றும் உண்டு. விண்டோஸ், கருவியை அடையாளம் காண இயலவில்லை என்ற எச்சரிக்கையைக் காட்டலாம். சார்புக் கருவி தன் வருகையை உணர்த்துவது, செய்திக் கம்பி ஒன்றை 1.5 கிலோ ஓம் தடை வழியே 3.3 வோல்ட்டுக்கு உயர்த்துவதன் மூலமாகும். அந்தச் சைகை வந்து சேர்ந்தது. அதன்பின் தொடர்ந்த கேள்வி பதில் சிதைந்துவிட்டது என்பதே அவ்வெச்சரிக்கையின் பொருள். பெரும்பாலும் இது நீண்ட அல்லது நைந்த கேபிளின் குற்றம்.

அட்டையிலுள்ள இரு கோப்புகள்

கேபிளும் பலகையும் சரியென்று உறுதிப்பட்ட பின் அட்டையை மடிக்கணினியில் செருகிப் பார்க்கலாம். இங்கு ஓர் அபாயத்தை எச்சரித்தாக வேண்டும். அட்டை இரு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. தொடக்கக் கோப்புகளைக் கொண்ட சிறிய முதற்பகுதியை மட்டுமே விண்டோஸ் படிக்கவல்லது. இயங்குதளமும் அளவீடுகளும் உள்ள இரண்டாம் பகுதி லினக்ஸ் முறையில் அமைந்ததாகையால், அதைப் பழுதான வட்டு எனக் கருதி, ‘உபயோகிக்கும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று விண்டோஸ் கேட்கும். இக்கேள்விக்கு ஒருபோதும் இசையக் கூடாது. ‘கேன்சல்’ என்பதை அழுத்திவிட்டு மேலே செல்ல வேண்டும். ஒரு பருவத்துப் பதிவுகள் ஒரே சொடுக்கில் மறைவது இவ்விடத்தில்தான்.

முதற்பகுதியில் ‘கான்ஃபிக்’, ‘சி.எம்.டி.லைன்’ என்ற பெயருடைய இரு எழுத்துக் கோப்புகள் உள்ளன. முன்னதில் ‘டி.டபிள்யூ.சி.2’ எனும் கட்டுப்பாட்டக நிரலைக் குறிக்கும் ‘டி.டி.ஓவர்லே’ வரி இருத்தல் வேண்டும். இங்கே கண்ணை ஏமாற்றும் பொறி ஒன்று உள்ளது. அண்மைக்கால வெளியீடுகளில் அதே சொற்களைக் கொண்ட வரி ஒன்று முன்னரே காணப்படும். ஆனால் அது ‘சி.எம்.5’ என்ற சதுர அடைப்புத் தலைப்பின்கீழ் இருக்கும். அத்தலைப்பு வேறொரு வகைப் பலகைக்குரியது. அவ்வரியின் முடிவில் தலைமை நிலையைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்திருக்கும். ஏற்கெனவே வரி உள்ளது என்று திருப்தியடைந்து கோப்பை மூடிவிடுவோர் தோல்வியுறுவர். கோப்பின் இறுதியிலுள்ள ‘ஆல்’ என்ற தலைப்பின்கீழ், அதாவது எல்லாப் பலகைகளுக்கும் உரிய இடத்தில், தனி வரியாக அதை எழுத வேண்டும்.

பின்னதான கோப்பு முழுவதும் ஒரே வரியால் ஆனது. அதில் ‘ரூட்வெயிட்’ என்ற சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, ‘மாட்யூல்ஸ் லோட்’ என்ற கட்டளையோடு டி.டபிள்யூ.சி.2, ஜி ஈதர் ஆகிய இரு பெயர்களையும் காற்புள்ளியால் மட்டும் பிரித்துச் சேர்க்க வேண்டும். காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடலாகாது. அறியாமல் ‘என்டர்’ விசையை அழுத்திப் புதிய வரியில் எழுதிவிட்டால், முதல் வரிக்குக் கீழுள்ளது செயற்படாது. பலகை வழக்கம்போல் தொடங்கும், யு.எஸ்.பி. வாய் மட்டும் ஊமையாக இருக்கும்.

பச்சை விளக்கு இந்நிலையிலும் ஓரளவு உதவும். நான்கு முறை குறுகி மினுக்கி நின்று மீண்டும் அவ்வாறே செய்தால், தொடக்கக் கோப்பு காணப்படவில்லை என்பது பொருள். ஏழு முறையாயின் இயங்குதளத்தின் மையக்கரு காணப்படவில்லை. ஒழுங்கின்றி மினுக்கிப் பின் நிலையாக எரிவது இயங்குதளம் தொடங்கியதைக் குறிக்கும். புதிய அட்டையின் முதல் தொடக்கத்தில், பலகை தன் சேமிப்புப் பகுதியை விரிவாக்கிக்கொண்டு ஒருமுறை தானே மறுதொடக்கம் செய்யும். பழைய ஜீரோவில் இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். பொறுமையிழந்து இடையில் கேபிளைப் பிடுங்குவது அட்டையின் கோப்புகளைச் சிதைப்பதற்கு உறுதியான வழி.

மடிக்கணினி என்ன காண்கிறது?

இயங்குதளம் தொடங்கிய பின் லினக்ஸ் கணினியின் யு.எஸ்.பி. பட்டியலில் 0525 என்ற நிறுவன எண்ணும், ஏ4ஏ2 என்ற பொருள் எண்ணும், ஈதர்நெட் கேட்ஜெட் என்ற பெயரும் தோன்ற வேண்டும். விண்டோஸில் ‘வலையமைப்பு அட்டைகள்’ என்ற பிரிவின்கீழ் ஆர்.என்.டி.ஐ.எஸ். என்ற பெயரில் அது வரும். சில சமயங்களில் விண்டோஸ் இதனைத் தவறாக மதிப்பிட்டு, ‘போர்ட்ஸ்’ பிரிவில் சீரியல் கருவியாகக் காட்டுவதுண்டு. கருவி வந்துவிட்டது, அதன் தொழில் மட்டும் தவறாகப் பதிவாகியுள்ளது. அப்பெயரின்மீது வலப்பக்கம் சொடுக்கி, டிரைவரைப் புதுப்பிக்கும் கட்டளையைத் தேர்ந்து, ‘பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன்’ என்ற வழியில் சென்று, மைக்ரோசாஃப்ட் வழங்கும் ரிமோட் என்.டி.ஐ.எஸ். டிரைவரைக் கொடுத்தால் இது சரியாகும். ஆப்பிள் கணினிகள் ஆர்.என்.டி.ஐ.எஸ். முறையை ஏற்பதில்லை, ஆனால் ஜி ஈதர் வேறொரு பொதுமுறையையும் உடன் அறிவிப்பதால் அவற்றில் தனி முயற்சி தேவைப்படுவதில்லை.

முகவரி

வலையமைப்பு அட்டை தோன்றியும் பலகை அகப்படவில்லை எனில், பழுது முகவரியில் இருத்தல் கூடும். வீட்டிலும் அலுவலகத்திலும் முகவரிகளைப் பங்கிடுவதற்கு ஒரு திசைவி, அதாவது ரௌட்டர், இருக்கிறது. ஒரே கேபிளால் இணைந்த இரு கணினிகளுக்கு நடுவில் அத்தகைய பங்கீட்டாளர் இல்லை. பங்கீட்டாளரைக் காணாத கணினி, 169.254 என்று தொடங்கும் தொகுதியிலிருந்து ஒரு முகவரியைத் தானே தேர்ந்து, வேறெவரும் அதை வைத்திருக்கவில்லை என்று விசாரித்தறிந்து, வைத்துக்கொள்ளும். இணையத்துடன் தொடர்பில்லாதபோது காணப்படும் முகவரி என்பதால் பலர் இதைப் பழுதின் அடையாளமாகக் கருதுகின்றனர். இங்கு அது பழுதன்று. இரு முனைகளும் அத்தொகுதியில் இருந்தால் தாராளமாகப் பேசிக்கொள்ளலாம். ஒருமுனை மட்டும் அதிலிருந்து, மறுமுனை வேறு தொகுதியில் இருப்பதே தொல்லை.

லினக்ஸ் மடிக்கணினிகளில் வேறு விதமான தொல்லை உண்டு. வலையமைப்பை நிர்வகிக்கும் நிரல், பங்கீட்டாளரை எதிர்பார்த்து 45 விநாடி காத்திருந்து, தோற்று, மறுபடியும் முயலும். ‘இணைகிறது’ என்ற செய்தி முடிவின்றிச் சுழன்றுகொண்டேயிருக்கும். அவ்விணைப்பின் அமைப்பில் ‘லிங்க் லோக்கல் மட்டும்’ என்ற வழியைத் தேர்ந்தெடுத்தால் சுழற்சி நிற்கும்.

மிகவும் நுட்பமான பழுது பலகையின் பக்கத்தில் உள்ளது. அண்மை ஆண்டுகளில் மிகுதியான நேரத்தை விழுங்கியதும் அதுவே. 2023 அக்டோபரில் வெளியான ‘புக்வோர்ம்’ என்ற இயங்குதள வெளியீட்டில், முகவரியைக் கவனித்துவந்த பழைய நிரலுக்குப் பதிலாக ‘நெட்வொர்க் மேனேஜர்’ புகுத்தப்பட்டது. அதனோடு வரும் விதிக்கோப்பு ஒன்று, கேட்ஜெட் வகையைச் சேர்ந்த வலையமைப்பு வாய்களைத் தன் நிர்வாகத்திலிருந்து விலக்கி வைக்கிறது. விளைவு யாதெனில், 2023-க்கு முன் எழுதப்பட்ட வழிகாட்டிகளை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினும், மடிக்கணினியில் வலையமைப்பு அட்டை தோன்றும். பலகையோ முகவரியே இன்றி நிற்கும். இது செய்தவரின் தவறன்று, வழிகாட்டியின் வயது. ஆகவே அட்டையில் எந்த வெளியீடு உள்ளது என்பதை முன்னதாக அறிந்து வைத்திருத்தல் அவசியம்.

பரிகாரம் கடினமானதன்று. ‘85-என்.எம்.அன்மேனேஜ்டு’ என்ற பெயருடைய அவ்விதிக்கோப்பை, நிர்வாகிகளின் மாற்றங்களுக்கென ஒதுக்கப்பட்ட ‘இ.டி.சி.’ கோப்புறையின்கீழுள்ள ‘யூ.டெவ்’ விதிகளின் இடத்திற்கு நகலெடுத்து, கேட்ஜெட்டைக் குறிக்கும் வரியில் 1 என்ற எண்ணை 0 ஆக மாற்ற வேண்டும். பின்னர் ‘யு.எஸ்.பி.0’ என்ற வாய்க்கு ஓர் இணைப்பை உண்டாக்கி, நிலையான முகவரி அளிக்கலாம். பலகைக்கு 192.168.7.2, மடிக்கணினிக்கு 192.168.7.1, இரண்டிற்கும் 255.255.255.0 என்ற முகமூடி எண் என வைத்துக்கொள்வது வசதியானது. 2013-ல் வெளிவந்த ‘பீகிள்போன் பிளாக்’ என்ற பலகை விண்டோஸ் கணினிகளுடன் இதே எண்களைக் கொண்டே பேசுகிறது. அப்பலகையில் மடிக்கணினிக்கு முகவரி வழங்கும் வேலையையும் பலகையே ஏற்றிருப்பதால், மேற்கண்ட இடர்களுள் பாதி அதில் எழுவதில்லை.

நிலையான முகவரி கொடுத்தும் மறுநாள் அது மறைந்துவிட்டது என்ற முறையீடும் எழக்கூடும். வலையமைப்பு அட்டை ஒவ்வொன்றுக்கும் பிறப்பிலேயே அமைந்த மேக் எண் உண்டு. ஜி ஈதர் உண்மையான அட்டையன்று, பாவனை அட்டை. ஆதலால் ஒவ்வொரு தொடக்கத்திலும் அது ஒரு புது எண்ணைக் கற்பித்துக்கொள்கிறது. மடிக்கணினி ஒவ்வொரு நாளும் ஒரு புதிய அட்டை வந்ததாக எண்ணி, ஈதர்நெட் 5, ஈதர்நெட் 6 என்று பெயரிட்டுக்கொண்டே போகும். நேற்றைய அட்டைக்குக் கொடுத்த முகவரி இன்றைய அட்டைக்குச் சேராது. சி.எம்.டி.லைன் கோப்பில் இரு முனைகளுக்கும் உரிய மேக் எண்களை நாமே எழுதிவிட்டால் இத்தொல்லை அகலும். நாமாக அமைக்கும் எண் 02 என்று தொடங்குவது நன்று. அத்தொடக்கம் உள்ளூர் வழக்கிற்கென ஒதுக்கப்பட்டது. ஒரு வகுப்பில் பல பலகைகள் இருப்பின் ஒவ்வொன்றிற்கும் வேறு எண் கொடுத்து, பலகையின் உறைமீது ஒட்டி வைக்கலாம்.

பிழைச் செய்திகளின் பொருள்

எஸ்.எஸ்.எச். மூலம் நுழைய முற்படும்போது கிட்டும் மறுமொழிகள் எல்லாம் தோல்வியாகவே தோன்றினும், அவற்றுள் வேறுபாடு மிகுதி. ‘பெயர் அறியப்படவில்லை’ என்ற செய்தி பெயர்க்கண்ணியை மட்டும் குற்றம் சாட்டுகிறது. ‘ராஸ்பெரிபை.லோக்கல்’ என்ற பெயருக்குப் பதில் முகவரி எண்ணையே கொடுத்துப் பார்க்க வேண்டும். ‘காலம் கடந்தது’ எனில், அனுப்பிய செய்திக்கு மறுமொழியே வரவில்லை. முகவரிக்கண்ணிக்குத் திரும்ப வேண்டும். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்பதோ நற்செய்தி. மறுத்தது பலகைதான், ஆகவே அதற்குக் கீழுள்ள எல்லாக் கண்ணிகளும் உறுதியாக உள்ளன, எஸ்.எஸ்.எச். சேவை இயக்கப்படவில்லை என்பது ஒன்றே குறை.

‘அனுமதி இல்லை’ என்ற செய்தி பயனர் பெயரையோ மறைசொல்லையோ பற்றியது. பழைய நூல்களில் காணும் ‘பை’ என்ற பயனர் பெயரும் ‘ராஸ்பெரி’ என்ற மறைசொல்லும் 2022 ஏப்ரல் முதல் தாமாக அமைவதில்லை. அட்டையை எழுதும்போதே பெயரையும் மறைசொல்லையும் அமைத்திருக்க வேண்டும். பெரிய எழுத்துகளில் ‘எதிர்முனையின் அடையாளம் மாறிவிட்டது’ என்று அச்சுறுத்தும் எச்சரிக்கை ஒன்றும் உண்டு. அட்டை அண்மையில் மீண்டும் எழுதப்பட்டிருந்தாலோ, வேறு பலகை அதே முகவரியில் வந்திருந்தாலோ இது தோன்றுவது இயல்பு. அவ்விரண்டும் நிகழவில்லையெனில் காரணத்தை அறிந்த பின்னரே மேற்செல்ல வேண்டும். நிகழ்ந்திருந்தால் மடிக்கணினியில் சேமிக்கப்பட்ட பழைய அடையாளத்தை நீக்கிவிட்டால் போதும்.

எவ்வழியும் அகப்படாதபோது

பலகைக்கு முகவரி இல்லை, திரையும் இல்லை என்ற நிலையில் விதிக்கோப்பை மாற்றுவது எங்ஙனம் என்ற வினா எழும். இதற்கு மூன்று கம்பிகள் போதும். பலகையின் 40 முள் வரிசையில் 6-ஆம் முள் தரை, 8-ஆம் முள் அனுப்பும் வழி, 10-ஆம் முள் பெறும் வழி. யு.எஸ்.பி.–சீரியல் மாற்றியின் பெறும் முள்ளைப் பலகையின் அனுப்பும் முள்ளோடும், அனுப்பும் முள்ளைப் பெறும் முள்ளோடும் குறுக்காக இணைக்க வேண்டும். மாற்றி 3.3 வோல்ட் வகையாக இருத்தல் இன்றியமையாதது; 5 வோல்ட் சைகை செயலியின் முட்களைக் கெடுத்துவிடும். பலகைக்கு வேறு வழியில் மின்சாரம் கிட்டும்போது மாற்றியின் சிவப்புக் கம்பியை இணைக்காமல் விட்டுவிட வேண்டும். கான்ஃபிக் கோப்பில் ‘எனேபிள் யு.ஆர்ட்’ என்ற கட்டளைக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்து, மடிக்கணினியில் ‘புட்டி’ போன்ற நிரலை விநாடிக்கு 115200 என்ற வேகத்தில் அமைத்தால், பலகை தொடங்கும்போது தான் செய்வதையெல்லாம் வரிவரியாகத் தெரிவிக்கும். முடிவில் பயனர் பெயரைக் கேட்கும். அங்கிருந்து எல்லாத் திருத்தங்களையும் செய்யலாம். வலையமைப்பு எதுவும் தேவையில்லை.

சீரியல் வழியிலும் இயங்குதளம் தொடங்காதது உறுதிப்பட்டால் அட்டையே சிதைந்துள்ளது எனக் கொள்ளலாம். அப்போதும் உடனே அழிக்க வேண்டுவதில்லை. அட்டையை ஒரு லினக்ஸ் கணினியில் செருகினால் இரண்டாம் பகுதியும் படிக்கப்படும். அளவீட்டுக் கோப்புகளை அங்கிருந்தே நகலெடுத்துவிடலாம். லினக்ஸ் கணினி கிடைக்காத இடத்தில், அட்டை முழுவதையும் ஒரே படிமக் கோப்பாக விண்டோஸில் எடுத்து வைக்கும் நிரல்கள் உள்ளன. படிமம் அட்டையின் முழு அளவும் இடம் பிடிக்கும்; 32 ஜிகாபைட் அட்டைக்கு அவ்வளவு காலியிடம் மடிக்கணினியில் வேண்டும். இயலுமாயின் புதிய அட்டை ஒன்றில் இயங்குதளத்தை எழுதிப் பலகைக்குக் கொடுத்துவிட்டு, பழைய அட்டையை நிலையத்தின் பெயரும் கழற்றிய தேதியும் எழுதிய உறையிலிட்டுத் தலைமை நிலையத்திற்கு அனுப்பலாம்.